பாய்மரப்படகுக்கு இன்வெர்ட்டர்: பெரிதா, சின்னதா, இல்லாமலே ஓட்டலாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய பாய்மரப்படகு ஒன்றை வாங்குகிறவர்கள் பாய், கயிறு, எஞ்சின் எல்லாம் பார்த்து முடித்ததும் கேட்பது, "எத்தனை வாட் இன்வெர்ட்டர் போடலாம்?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது அடிக்குள் இருக்கிற படகு, ஒரு நாள் இரண்டு நாள் ஓட்டம் என்றால் 300 வாட் அளவில் நல்ல பியூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை கொடுக்கிற) இன்வெர்ட்டர் ஒன்று போதும், மீதி எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். கேஸ் அடுப்பே வேண்டாம், கரண்டில்தான் சமைப்பேன் என்கிறவருக்கு மட்டும் கணக்கு வேறு, அதற்கும் பிறகு வருகிறேன்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, எல்லார் வீட்டிலும் இன்வெர்ட்டர் இருப்பதால் அதைப் பற்றித் தெரியும் என்ற தைரியம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை, இன்வெர்ட்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. ஆனால் வீட்டில் கரண்ட் போவது ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம், வந்ததும் பேட்டரி தானாக நிரம்பிவிடும். அதனால் இன்வெர்ட்டர் எவ்வளவு வீணாக்குகிறது என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்கு அப்படி யாரும் நிரப்பித் தரப் போவதில்லை. மேலே இருக்கிற சோலார் பேனலும் எஞ்சினில் இருக்கிற ஆல்டர்னேட்டரும் கொடுப்பதுதான் வரவு. நம் வெயிலில் 100 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் 12 வோல்ட் பேட்டரிக்கு 25 முதல் 30 ஏஎச் (ஆம்பியர்-அவர், ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுக்கிற அளவு) வரை கொடுக்கும், பாயின் நிழல் பேனல் மேல் விழுந்தால் அதிலும் குறையும்.

இனி செலவு. மனக்கணக்குக்கு எளிய வழி, இன்வெர்ட்டரில் போடுகிற சுமையின் வாட்டைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது ஏறக்குறைய வந்துவிடும், மாற்றும்போது ஆகிற இழப்பும் அதிலேயே சேர்ந்துவிடுகிறது. 60 வாட் லேப்டாப் 6 ஆம்பியர். 750 வாட் மிக்ஸி 75 ஆம்பியர். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 200 ஆம்பியர். கார் ஸ்டார்ட்டர் மோட்டார் நொடிக்கணக்கில் இழுப்பதற்கு நெருக்கமான அளவை இது கால் மணி நேரம் தொடர்ந்து இழுக்கும்.

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடல்வழியில் 75 நாட்டிக்கல் மைல் போல, 5 நாட் வேகத்தில் போனால் 15 மணி நேரம். ஆட்டோபைலட், வழிகாட்டும் விளக்குகள், ஜிபிஎஸ் பிளாட்டர் (வரைபடத் திரை), விஎச்எஃப் ரேடியோ, பக்கத்துக் கப்பல்களைக் காட்டுகிற ஏஐஎஸ், ஒரு சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து சராசரியாக 8 ஆம்பியர் என்று வையுங்கள். 15 மணி நேரத்துக்கு 120 ஏஎச். 200 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், ஆக எடுக்கக்கூடியது 100தான். இன்வெர்ட்டர் என்று ஒன்றை இன்னும் இணைக்கவே இல்லை, அதற்குள் பட்ஜெட் தாண்டிவிட்டது. பகல் வெயில் கொஞ்சம் கிடைத்தால், ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு நாமே சுக்கான் பிடித்தால் சமாளிக்கலாம், அவ்வளவுதான். இந்த நிலைமையில் 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை ஆன் செய்து வைத்தால், ஒன்றும் மாட்டாமல் சும்மா இருக்கும்போதே அது ஒன்றரை இரண்டு ஆம்பியர் குடிக்கும். 15 மணி நேரத்துக்கு 22 முதல் 30 ஏஎச், ஒரு 100 வாட் பேனல் நாள் முழுக்கச் சேர்த்தது அப்படியே போயிற்று.

துறைமுகத்துக் கொசுவுக்காக ராத்திரி முழுக்க 5 வாட் கொசு விரட்டி மெஷின் ஒன்றை மாட்டி, அதற்காகப் பெரிய இன்வெர்ட்டரை ஓடவிடுகிற படகுகள் இருக்கின்றன. மெஷினுக்கு அரை ஆம்பியர், அதை ஓட்டுகிற பெட்டிக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு. ஒரு கொசுவலையும் 12 வோல்ட் மின்விசிறியும் இருந்தால் இந்தச் செலவே கிடையாது.

அதனால்தான் முதலில் யோசிக்க வேண்டிய வழி, இன்வெர்ட்டரே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது. இன்றைக்கு நிறைய தூரம் போகலாம். 12 வோல்ட்டில் ஓடுகிற டைப்-சி சார்ஜர்கள் 65 வாட், 100 வாட் அளவில் கிடைக்கின்றன, புதிய லேப்டாப்கள் பெரும்பாலும் அதிலேயே சார்ஜ் ஆகிவிடும். எல்இடி விளக்கு, பிஎல்டிசி விசிறி, தண்ணீர் பம்ப், டிசி கம்ப்ரஸர் வைத்த ஃப்ரிட்ஜ் எல்லாம் நேராக 12 வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, சார்ஜர் அதை மறுபடி 20 வோல்ட்டாகக் குறைத்து லேப்டாப்புக்குக் கொடுப்பதில் இரண்டு இடத்தில் சூடாக விரயமாகிறது. ஏப்ரல், மே மாதத்தில் கேபினுக்குள் அந்தச் சூடும் சேர வேண்டுமா? பகலில் மட்டும் ஓட்டுகிறவர், காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்புகிறவர், இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனாலும் 230 வோல்ட் கேட்கிற சாமான் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். கேமரா பேட்டரி சார்ஜர், டிரில் மெஷின் பேட்டரி சார்ஜர், பழைய லேப்டாப், சின்ன சால்டரிங் அயர்ன். இதற்கு 250 முதல் 350 வாட் இன்வெர்ட்டர் போதும். நல்ல தயாரிப்பில் இந்த அளவுக்குச் சும்மா இருக்கும் செலவு நாலைந்து வாட்தான். சிலவற்றில் விசிறியே இருக்காது, உப்புக்காற்றை உள்ளே இழுக்காது என்பதால் கடலில் அது பெரிய லாபம். 300 வாட்டுக்கு ஆகிற 30 ஆம்பியர் என்பது 200 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கிற அளவும்கூட. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற மாதிரி மட்டும் வாங்காதீர்கள். அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர், 120 வாட்டைத் தாண்டினாலே சாக்கெட் சூடாகும், ஈரத்தில் பச்சை பிடித்த சாக்கெட் என்றால் இன்னும் சீக்கிரம்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் "1000 வாட்" என்று அட்டையில் போட்டு மலிவாக விற்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 1000 பெரும்பாலும் ஒரு நொடி தாங்குகிற உச்ச அளவு, தொடர்ந்து கொடுப்பது அதில் பாதிகூட இருக்கலாம். பெட்டியோடு வருகிற ஒயரைப் பாருங்கள். 1000 வாட்டுக்கு 100 ஆம்பியர் போக வேண்டும், சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான ஒயரைக் கொடுத்திருந்தால் அந்த எண்ணை அவர்களே நம்பவில்லை என்று அர்த்தம். இவற்றில் நிறைய மாடிஃபைட் சைன் வேவ், அதாவது சீராக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்குகிற அலை. லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் அதில் ஓடிவிடும், ஆனால் மோட்டார் இருக்கிற எதுவும் உறுமும், கூடுதலாகச் சூடாகும், மிக்ஸியின் வேகக் கட்டுப்பாடு தகராறு செய்யும், டிரில் பேட்டரி சார்ஜர்களில் சில அப்படியே எரிந்துபோகும். என்னைப் பொறுத்தவரை இதையெல்லாம்விட முக்கியமானது விஎச்எஃப் ரேடியோவில் அவை கிளப்புகிற இரைச்சல். ராத்திரியில் மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே போகும்போது ரேடியோவில் யாராவது கூப்பிட்டால் தெளிவாகக் கேட்க வேண்டும். வாங்கியவுடன் கரையிலேயே சோதித்துவிடலாம்: விஎச்எஃப்பில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்குகிற குமிழ்) திறந்துவைத்து, இன்வெர்ட்டரை ஆன் ஆஃப் செய்து இரைச்சல் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, வீட்டு இன்வெர்ட்டரையே தூக்கிப் படகில் வைத்தால் என்ன? பேட்டரிக் கடைக்குப் போனால் "அண்ணே, 900 விஏ மெஷினும் 150 ஏஎச் டியூபுலரும் போடுங்க, ரெண்டு நாள் ஆனாலும் தாங்கும்" என்று அன்போடு சொல்வார்கள். வீட்டுக்கு அது நல்ல யோசனை. விலை குறைவு, எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்கும், சைன் வேவ் மாடலும் உண்டு, இந்த மூன்றும் நியாயமான காரணங்கள். ஆனால் 900 விஏ என்பது உண்மையில் 700 வாட் சுற்றி. உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், பத்து கிலோவுக்கு மேல் எடை, சும்மா இருக்கிற செலவும் அதிகம். சர்க்யூட் போர்டுக்கு உப்புக்காற்றுக்கான பூச்சு பொதுவாக இருக்காது. டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல், உள்ளே திறந்த ஆசிட், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும், படகு 25 டிகிரி சாயும்போது ஆசிட் ததும்பும். அந்த ஆசிட் பில்ஜ் (படகின் அடியில் தண்ணீர் தேங்குகிற குழி) தண்ணீரில் கலப்பது ஆபத்து. சுண்ணாம்பாற்றுக் காயலிலேயே சாயாமல் ஓடுகிற தட்டையான எஞ்சின் படகென்றால் யோசிக்கலாம், கடலில் பாய் விரிக்கிற படகுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது லித்தியமும் பெரிய இன்வெர்ட்டரும். இங்கேதான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது, ஏனென்றால் இதை விரும்புகிறவர்கள் சொல்கிற காரணம் பலமானது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே பறந்துபோகாமல் பில்ஜில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். கேஸே வேண்டாம் என்று முடிவெடுத்து இண்டக்‌ஷனுக்கு மாறுகிறவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது இன்வெர்ட்டர் மட்டும் வாங்குகிற முடிவாக இருக்காது, முழு மின்சார ஏற்பாட்டையும் மாற்றுகிற முடிவு. லெட் ஆசிட் பேட்டரியில் 150 ஆம்பியர் இழுத்தால் முக்கால்வாசி நிரம்பியிருந்தாலும் வோல்ட்டேஜ் சரிந்து, இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தி நின்றுவிடும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை லித்தியம் அப்படிச் சரியாது, 80 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் 100 ஏஎச் லித்தியம் பேட்டரிகளில் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற கட்டுப்பாட்டு போர்டு) பொதுவாக 100 ஆம்பியரோடு நிறுத்திவிடும், ஆக ஒரு பேட்டரி வைத்து 2000 வாட் ஓட்ட முடியாது. குறைந்தது 300 ஏஎச், 24 வோல்ட் ஏற்பாடு என்றால் இன்னும் நல்லது, ஆம்பியர் பாதியாகும். ஆல்டர்னேட்டரை நேராக லித்தியத்தோடு இணைத்தால் அது இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடி வெந்துபோகும், நடுவில் கரண்டை அளவோடு விடுகிற டிசி-டிசி சார்ஜர் வேண்டும். சோலார் 400 வாட்டாவது வேண்டும், முப்பது அடிப் படகில் அதை எங்கே வைப்பீர்கள் என்று முதலில் அளந்து பாருங்கள்.

சமையலுக்கு எவ்வளவு ஆகும்? ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க பேட்டரியிலிருந்து 9, 10 ஏஎச். 700 வாட் ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சாதம் வைத்தால் 35. ஒரு வேளைச் சாப்பாடும் இரண்டு முறை டீயும் 60 ஏஎச்சைத் தொட்டுவிடும். மிக்ஸி வேறு விஷயம், 75 ஆம்பியர் இழுத்தாலும் சட்னி அரைக்க இரண்டு நிமிடம்தான், மொத்தம் இரண்டரை ஏஎச். பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக 1000 வாட் இன்வெர்ட்டரும் அதற்கேற்ற தடித்த கேபிளும் போட வேண்டியிருக்கும். வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போவதுதான் மலிவு.

சின்ன இன்வெர்ட்டருக்கும் பெரிய லித்தியம் ஏற்பாட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, சமீப வருடங்களில் வந்தது: பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிற போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன். உப்புக்காற்றுக்காகச் செய்தது இல்லை, கெட்டால் மொத்தப் பெட்டியும் போய்விடும். ஆனால் நம் நிலைமைக்கு இதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு: இறங்கும்போது கையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் சார்ஜ் போடலாம், ஆளில்லாத படகில் விட்டுவைத்துத் திருட்டுப் பயத்தோடு தூங்க வேண்டியதில்லை. படகின் பேட்டரியோடு சம்பந்தமே இல்லாததால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகிற ஆபத்தும் இல்லை. வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 500 வாட்-அவர் பெட்டி ஒன்று, எந்த ஒயரிங்கும் செய்யாமல், சின்ன இன்வெர்ட்டருக்குச் சமமான தேர்வு என்பேன். பெட்ரோல் ஜெனரேட்டரை நான் சேர்க்கவே இல்லை. படகில் பெட்ரோல் ஆவியும், காற்று திரும்பினால் கேபினுக்குள் வருகிற கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கொல்லும்.

எஞ்சின் ஸ்டார்ட் பற்றி மேலே சொன்னதை விளக்க வேண்டும். தேங்காய்த்திட்டு முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும், தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டிய இடம். அலை எழும்பியிருக்கும்போது அதற்குள் நுழைகிற நேரத்தில் எஞ்சின் ஒரே சாவியில் உயிர் பெற வேண்டும். ஸ்டார்ட்டர் பேட்டரி தனி, விளக்கு, விசிறி மாதிரி படகின் மற்றச் சாமான்களுக்கான பேட்டரி தனி, இன்வெர்ட்டர் இரண்டாவதில் மட்டும். இன்வெர்ட்டரின் லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் பெரும்பாலும் 10.5 வோல்ட்டில் வைத்திருப்பார்கள். சின்னச் சுமையில் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினால் அது காலி என்று அர்த்தம், அதை நம்பி இருக்காதீர்கள். 12.2 வந்ததும் நீங்களே அணையுங்கள்.

இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். 230 வோல்ட் ஒயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, 12 வோல்ட் கேபிள்தான் குட்டையாக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி வைத்து 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 100 ஆம்பியர் அனுப்பினால், போக வர ஆறு மீட்டரில் 0.65 வோல்ட் காணாமல் போகும், 65 வாட் கேபிளைச் சூடாக்கவே செலவாகும். 35 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.3. வெறும் தாமிரம் வேண்டாம், வெள்ளீயம் பூசிய கேபிள் வாங்குங்கள், லக்கை (கேபிள் முனையில் மாட்டுகிற வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி மேலே ஸ்லீவ் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அந்த இடத்தில் வீட்டு எம்சிபியைப் போட்டுவிடுவார்கள் சிலர், அது ஏசி கரண்டுக்காகச் செய்தது, டிசி கரண்டில் பெரிய ஷார்ட் வந்தால் ஆர்க் அணையாமல் எரியும். லித்தியம் என்றால் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ்தான். அப்புறம் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒட்டியே இழுங்கள், காம்பஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. 100 ஆம்பியர் போகிற தனிக் கேபிள் ஒன்று பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் திரும்பும், ஆட்டோபைலட்டும் அதோடு திரும்பும்.

பேட்டரிக்கு நேர் மேலே, எஞ்சின் அறைக்குள், ஹேட்சுக்கு (மேல்தளத் திறப்பு) கீழே, இந்த மூன்று இடங்களும் ஆகாது. பெட்டியில் எழுதிய வாட் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்கானது. மே மாதத்தில் மூடிய கேபின் 40-க்கு மேல் போகும், அப்போது 300 வாட் என்பதை 240 என்று நினைத்து ஓட்டுங்கள்.

ஷாக் விஷயத்தில் சுற்றிலும் உப்புத்தண்ணீர், ஈரமான கை, வெறுங்கால். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்கள், ஆனால் அது போட்டால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் நியூட்ரலும் எர்த்தும் அந்த இடத்தில் இணைந்திருந்தால்தான் ஆர்சிசிபி வேலை செய்யும், பல சின்ன இன்வெர்ட்டர்களில் இரண்டும் இணையாமல் தனித்தனியாக மிதக்கும். கரைக் கரண்டிலும் இணைக்கிற படகென்றால் அந்த நேரத்தில் இந்த நியூட்ரல்-எர்த் இணைப்பு விலக வேண்டும், இன்வெர்ட்டர்-சார்ஜர் வகைகளில் இதற்கு உள்ளேயே ரிலே இருக்கும். வீட்டு ஒயரிங் மட்டும் செய்து பழகிய எலக்ட்ரீஷியனிடம் வேலை கொடுத்தால் இதை முதலிலேயே பேசிவிடுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து நின்றுவிடாமல், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதனை விளக்கு வைத்து டிரிப் ஆகிறதா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.

அக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் படகைக் கரையேற்றுகிறவர்கள் இன்வெர்ட்டரின் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி முனையை டேப் சுற்றி வையுங்கள். சின்ன இன்வெர்ட்டர் என்றால் மொத்தமாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். மறுபடி மாட்டும்போது உள்ளே இருக்கிற கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால் பெரிய பொறி தட்டும், லித்தியத்தில் பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்து டிரிப்கூட ஆகும். ஒரு 12 வோல்ட் கார் பல்பை நடுவில் வைத்து, அது பளிச்சென்று எரிந்து மங்குகிற வரை சில நொடி பொறுத்து, பிறகு நட்டை முறுக்குங்கள்.